சீன ஜங்க் கப்பல் மாதிரி: கடைசிக்கட்ட வேலைகளுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

கப்பலின் உடல் முடிந்துவிட்டது. பலகை ஒட்டி, உப்புத்தாள் போட்டு, தளமும் பின்கட்டும் ஏறிவிட்டன. மூன்று பாய்மரங்களும் சீவித் தயாராக மேசைமேல் கிடக்கின்றன. கிட்டோடு, அதாவது பாகங்கள் அடங்கிய பெட்டியோடு, வந்த செய்முறைத் தாளில் இன்னும் இரண்டு பக்கங்கள்தான் மிச்சம். செய்தது கப்பலாகத் தெரியப் போகிறதா, கடைப் பொம்மையாகத் தெரியப் போகிறதா என்பது அந்த இரண்டு பக்கங்களில்தான் தீர்மானமாகிறது. செய்முறைத் தாள்கள் அவசரப்படுவதும் அங்கேதான். பளபளக்கும் சிவப்புப் பாய், தங்க டிராகன், தேவைக்கு மேல் பீரங்கி, கறுப்பு நூல், கீழே ‘கடற்கொள்ளைக் கப்பல்’ என்று ஒரு பித்தளைத் தகடு. ஜங்க் எனும் சீனப் பாய்க்கப்பல் என்றாலே கொள்ளைக்காரர்கள் என்ற மேற்கத்தியக் கதைப்புத்தக நினைப்பு இது. உண்மையில் ஜங்க் கப்பல்களில் மிகப் பெரும்பாலானவை அரிசியும் உப்பும் பீங்கானும் ஏற்றிச் சென்றவை, மீன் பிடித்தவை.

இந்த வழிகாட்டிக்கு எடுத்துக்கொண்டது 18ஆம் நூற்றாண்டில் தென்கிழக்குச் சீனாவின் ஃபூஜியன் மாகாணத்து வணிக ஜங்க். மூன்று பாய்மரம், சுமார் 28 மீட்டர் நீளம், 1:72 அளவு, அதாவது அசலில் 72இல் ஒரு பங்கு. மாதிரியின் நீளம் 39 சென்டிமீட்டர் வரும். உங்களுடைய அளவு வேறானால், நான் தரும் மில்லிமீட்டர்களை 72ஆல் பெருக்கி உங்கள் விகிதத்தால் வகுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒரு முடிவு: கப்பல் இப்போது என்ன செய்துகொண்டிருக்கிறது?

தூரிகையைத் தொடும் முன் இதற்கு விடை வேண்டும். நடுக்கடலில் ஓடுகிறதா, துறைமுகத்தில் நங்கூரமிட்டு நிற்கிறதா, கரையேற்றிப் பழுது பார்க்கிறார்களா? மிச்சமுள்ள வேலை அத்தனையும் இந்த விடையைத் தொட்டே போகும். கடலில் ஓடினால் சுக்கான் முழுதும் இறங்கியிருக்கும், நங்கூரம் முன்புறத்தில் கட்டுண்டிருக்கும், சிறுபடகு தளத்தின்மேல் ஏறியிருக்கும், பாய்கள் எல்லாம் ஒரே காற்றுக்குத் திரும்பியிருக்கும். துறைமுகத்தில் நின்றால் பாய்கள் மடிந்து கிடக்கும், சுக்கான் பாதி தூக்கியிருக்கும், நங்கூரக் கயிறு வெளியே ஓடும். பாய் முழுதும் விரித்து, நங்கூரத்தையும் தொங்கவிட்டு, கொடியை வேறு திசையில் பறக்கவிட்ட மாதிரிகளைக் கண்காட்சிகளில் நிறையப் பார்க்கலாம். ஒவ்வொரு பாகமும் நேர்த்தியாக இருக்கும். ஆனால் எதுவும் எதோடும் ஒட்டாது.

நான் கீழே சொல்வது, பின்பக்கவாட்டுக் காற்றில் ஓடிக்கொண்டிருக்கும் கப்பலுக்கு. முன்பாய் முழுதும் ஏறியிருக்கிறது; காற்று கொஞ்சம் வலுத்ததால் பெரிய பாயில் இரண்டு மடிப்பை இறக்கிவிட்டார்கள். இதை ஏன் தேர்ந்தெடுத்தேன் என்பது பாய் வேலைக்கு வரும்போது புரியும்.

உடலுக்கு நிறம்

பாய்மரம் நடுவதற்கு முன்பே வண்ண வேலை முழுதும் முடிந்துவிட வேண்டும். கயிறுகள் ஏறிய பிறகு தூரிகை உள்ளே போகாது.

நீர்மட்டத்துக்குக் கீழே வெள்ளை. ஜங்க் கப்பல்களுக்குக் கலப்பத்து பார்த்தது, அதாவது பலகை இடுக்குகளை அடைத்தது, சுண்ணாம்பையும் துங் மரவிதை எண்ணெயையும் நார்த்துணுக்குகளோடு சேர்த்து இடித்த சாந்தால்தான். அடிப்பாகத்திலும் சுண்ணாம்புப் பூச்சு பூசுவார்கள். ஆகவே சுவருக்கு அடிக்கும் தூய வெள்ளை வேண்டாம். வெள்ளை அக்ரிலிக்கில் துளி மஞ்சட்காவி கலந்து, நீர்க்க இரண்டு பூச்சு கொடுங்கள். பலகை இணைப்புகள் மெல்லத் தெரிய வேண்டும். நீர்மட்டக் கோட்டில் மாஸ்கிங் டேப் ஒட்டியவுடன், டேப்பின் விளிம்பில் நிறமற்ற வார்னிஷை ஒருமுறை தடவிக் காயவிடுங்கள். மர இழைகளுக்குள் வண்ணம் கசிவதை அது தடுக்கும்.

நீர்மட்டத்துக்கு மேலே எண்ணெய் ஊறிய மரத்தின் தேன்பழுப்பு. துங் எண்ணெய் இங்கே எளிதில் கிடைக்காது. காய்ச்சிய ஆளிவிதை எண்ணெயைத் துணியில் தொட்டுத் தேய்த்தால் அதே தொனி வரும். முழுதும் உலரக் குறைந்தது ஒரு வாரம் விடுங்கள். எண்ணெய்த் துணியைச் சுருட்டிக் குப்பையில் போடாதீர்கள். அது தானாகச் சூடேறித் தீப்பிடிக்கக்கூடியது; விரித்துக் காயவைத்த பிறகே அப்புறப்படுத்த வேண்டும்.

அடுத்தது அணியம், அதாவது கப்பலின் முன்முகம். இங்கே ஒரு சுவையான சட்டம் இருக்கிறது. 1723இல் சீனப் பேரரசர் யோங்செங்கின் ஆட்சியில், கடலோடும் கப்பல்கள் எந்த மாகாணத்தைச் சேர்ந்தவை என்று தூரத்திலிருந்தே தெரிய வேண்டும் என ஆணை பிறந்தது. ஃபூஜியன் கப்பலுக்குப் பச்சை முகம், அதன்மேல் சிவப்பு எழுத்து. குவாங்டோங்குக்குச் சிவப்பு முகம். சியாமுக்கும் (இன்றைய தாய்லாந்து) சிங்கப்பூருக்கும் குவாங்டோங்கின் சாவோசோ மக்களை ஏற்றிவந்த ‘செந்தலைக் கப்பல்கள்’ இவைதான். செஜியாங்குக்கு வெள்ளை, ஜியாங்னானுக்குக் கருநீலம். முன்முகத்தோடு பெரிய பாய்மரத்தின் மேற்பாதியையும் அதே நிறத்தில் பூச வேண்டும் என்பதும் ஆணையில் உண்டு. கிட் தயாரிப்பாளர்கள் அனேகமாக எல்லோருமே விட்டுவிடும் செய்தி இது. நீங்கள் செய்வது 1723க்குப் பிந்தைய ஃபூஜியன் கப்பல் என்றால், பெரிய மரத்தின் மேற்பாதியைப் பச்சையாக்குங்கள். யாராவது கேட்பார்கள், சொல்வதற்கு விஷயம் இருக்கிறது.

பச்சை என்றால் இலைப்பச்சை அல்ல. செம்பில் படியும் களிம்பின் பச்சைக்குப் பக்கத்தில். அதில் கொஞ்சம் சாம்பல் சேர்த்துக்கொள்ளுங்கள். சிறிய பொருளில் அடர்நிறம் கண்ணை உறுத்தும்.

கண்களும் பின்முகமும்

ஜங்க் கப்பலின் கண் தட்டையாக வரைந்தது அல்ல. மரத்தில் செதுக்கி ஆணி அடித்துப் பொருத்தியது. 1:72இல் 6 மில்லிமீட்டர் விட்டம் பொருத்தமாக இருக்கும். அலுவலகத்தில் காகிதத்துக்குத் துளையிடும் கருவி அதே அளவில்தான் வெட்டும். அரை மில்லிமீட்டர் மரச்சீவலை அதில் வெட்டி, ஓரத்தை உப்புத்தாளில் உருட்டித் தேய்த்துச் சற்றுக் குவிந்த வடிவம் கொடுங்கள். வெள்ளை பூசிக் காய்ந்ததும், ஆணித்தலையைக் கறுப்பு வண்ணத்தில் தொட்டு ஒரே ஒற்றில் பாவையை வையுங்கள். தூரிகையால் இவ்வளவு சுத்தமான வட்டம் வராது.

வணிகக் கப்பலின் பாவை நேர்முன்னே பார்க்கும். மீன்பிடிக் கப்பலின் பாவை கீழே, மீன் இருக்கும் நீரைப் பார்க்கும் என்பது வழக்கம். நம்முடையது வணிகக் கப்பல். ஒட்டும் முன் இரண்டு கண்களையும் சிறு துண்டு டேப்பில் தற்காலிகமாகப் பொருத்தி, கப்பலை நேர்முன்னாலிருந்து கைபேசியில் படமெடுத்துப் பாருங்கள். நேரில் தப்பிவிடும் ஏற்றத்தாழ்வு படத்தில் தெரிந்துவிடும்.

பின்முகம்தான் ஃபூஜியன் கப்பலின் பெருமை. குதிரைலாட வடிவத்தில் உயர்ந்த அந்தப் பலகை முழுதும் ஓவியம். நடுவில் சிறகு விரித்த பெரிய நீர்ப்பறவை, கீழே அலை, மேலே எழுத்துப் பலகை. 6 சென்டிமீட்டர் அகலத்தில் இதைக் கையால் வரைய எல்லோருக்கும் வராது. வர வேண்டிய கட்டாயமும் இல்லை. பழைய படத்தைப் பார்த்து நீங்களே கோட்டோவியம் தயாரித்து, மெல்லிய டிஷ்யூ காகிதத்தில் அச்சிடுங்கள். சாதாரணத் தாளின் மேல் டிஷ்யூவை நான்கு ஓரமும் டேப்பால் ஒட்டினால் அச்சுப்பொறிக்குள் சிக்காமல் போகும். நீர்த்த பி.வி.ஏ. பசையில் (மரவேலைக்கான வெள்ளைப் பசை) அதைப் பலகைமேல் படியவைத்தால் காகிதம் மறைந்து கோடு மட்டும் நிற்கும். இங்க்ஜெட் மை பசையின் ஈரத்தில் கரையும். லேசர் அச்சுதான் சரி. பிறகு கோட்டுக்குள் நிறம் நிரப்புவது பொறுமை மட்டும் கேட்கும் வேலை. தங்க வண்ணத்தை முடிந்தவரை தவிர்த்து மஞ்சட்காவி போடுங்கள்.

சீன எழுத்துகளில் மட்டும் எச்சரிக்கை. கண்ணாடிப் பிம்பமாகத் திரும்பிய எழுத்து, தலைகீழ் எழுத்து, இணையத்தில் கிடைத்த தற்கால உணவகப் பெயர்ப்பலகை எழுத்து எல்லாம் மாதிரிக் கப்பல்களில் பவனி வருகின்றன. சீனம் படிக்கத் தெரிந்த ஒருவரிடம் காட்டிவிட்டு ஒட்டுங்கள். பாய்மரங்களில் சிவப்புத் தாள் பட்டைகளில் மங்கல வாசகம் எழுதி ஒட்டுவதும் வழக்கம். பெரிய மரத்தை ‘எட்டுத் திசையும் அஞ்சும் பெருந்தளபதி’ என்றும் முன்மரத்தை ‘வழி திறக்கும் இரண்டாம் தளபதி’ என்றும் அந்த வாசகங்கள் போற்றும். 5 மில்லிமீட்டர் அகலச் சிவப்புப் பட்டை ஒன்று மரத்தின் அடியில் ஒட்டினாலே போதும், தளம் களைகட்டிவிடும்.

கயிறும் மரமும் தயார் செய்தல்

கிட்டில் வந்த கறுப்பு நூலை எடுத்து வேறு வேலைக்கு வைத்துக்கொள்ளுங்கள். தார் பூசிய கறுப்புக் கயிறு ஐரோப்பியக் கப்பல் வழக்கம். ஜங்க்கின் கயிறுகள் மூங்கில் கீற்று, சணல், நார் ஆகியவற்றால் திரித்தவை. வைக்கோல் நிறத்திலிருந்து தேங்காய்நார்ப் பழுப்பு வரை போகும். பாயை ஏற்றும் ஆஞ்சானுக்கு 0.7 மி.மீ., நங்கூரக் கயிற்றுக்கு 1 மி.மீ., பாயைப் பிடிக்கும் தாமானுக்கு 0.4 மி.மீ., தாமானின் கிளைகளுக்கு 0.25 மி.மீ. என்று நான்கு தடிமன் இருந்தால் போதும். நூலை மெழுகுவர்த்திச் சுடருக்குப் பக்கத்தில் விரைவாக இழுத்துப் பிசிறைக் கருக்கி, பின் தேன்மெழுகில் இழுங்கள். பாலியெஸ்டர் நூல் உருகும். அதற்கு மெழுகு மட்டும். நம் ஊர் ஈரக்காற்றில் மெழுகிடாத பருத்தி நூல் மழைக்காலத்தில் ஒரு இழுவையும் கோடையில் வேறு இழுவையுமாக இருக்கும்.

பாய்க்கட்டைகளுக்கு, அதாவது பாயின் குறுக்கே வரிசையாக ஓடும் மூங்கில்களுக்கு, ஊதுபத்திக் குச்சிதான் கைகண்ட பொருள். சுமார் 1.3 மி.மீ. தடிமன், அசல் மூங்கில். நீரில் ஊறவைத்து மசாலாவைச் சுரண்டி எடுத்து, நேரானவற்றைப் பொறுக்கிக்கொள்ளுங்கள். பிறகு வெங்காரம் கரைத்த வெந்நீரில் ஒரு மணி நேரம் கொதிக்கவிட்டு நிழலில் உலர்த்துங்கள். செய்யாவிட்டால் சில ஆண்டுகளில் குச்சியிலிருந்து மாவு கொட்ட ஆரம்பிக்கும். மூங்கிலில் உளு விழுவது தெரிந்ததுதானே. தென்னை ஈர்க்குச்சியைச் சிலர் பரிந்துரைக்கிறார்கள். பார்க்க அழகு, ஆனால் காயக்காய வளைகிறது. நான் சேர்த்துக்கொள்வதில்லை.

பாய்: எல்லா வேலையிலும் பெரிய வேலை

ஜங்க் பாய்மரத்துக்கு ஐரோப்பியக் கப்பலைப்போல இரு பக்கமும் இழுத்துக் கட்டும் கயிற்று ஏணிகள் பெரும்பாலும் கிடையாது. மரம் தன் அடிப்பிடிப்பில் தானே நிற்கிறது. இதனால் மாதிரி செய்பவருக்கு ஒரு பெரிய வசதி: மரத்தையும் பாயையும் கப்பலுக்கு வெளியே, மேசைமேல் படுக்கவைத்தே முழுதாகக் கட்டி முடித்துவிட்டுக் கடைசியில் கொண்டுபோய் நடலாம். இந்த வசதியைப் பயன்படுத்தாமல் மரத்தை முதலிலேயே ஒட்டிவிட்டு, கப்பலுக்குள் கையை விட்டுத் தவிப்பவர்களே அதிகம்.

1. வரைபடத்திலிருந்து பாயின் வடிவத்தை அசல் அளவில் தாளில் பிரதி எடுங்கள். தென்சீனப் பாயின் பின்விளிம்பு விசிறிபோல் வளைந்திருக்கும். வடசீனப் பாய் ஏறக்குறைய செவ்வகம். ஃபூஜியன் கப்பலுக்குச் செவ்வகப் பாய் மாட்டினால் தலை ஒருவருடையது, உடல் இன்னொருவருடையது.

2. துணிக்கு மெல்லிய, நெருங்கிய நெசவுள்ள பருத்தி. நிறம் காலத்தைப் பொறுத்தது. பெரிய வணிகக் கப்பல்களில் 19ஆம் நூற்றாண்டிலும்கூட மூங்கில், நாணல் பின்னல் பாய்கள் இருந்தன. 1846இல் ஹாங்காங்கிலிருந்து புறப்பட்டு 1847இல் நியூயார்க்கையும் 1848இல் லண்டனையும் அடைந்த ‘கீயிங்’ கப்பலுக்கும் பின்னல் பாய்தான். அதற்கு வெளுத்த வைக்கோல் நிறம். நீர்க்கத் தேநீரில் நனைத்தால் வந்துவிடும். பருத்திப் பாய் என்றால் அழுகாமலிருக்க மரப்பட்டைச் சாயமோ சாயக்கிழங்கோ ஏற்றிய செம்பழுப்பு. இதற்கு நாட்டுமருந்துக் கடையின் காசுக்கட்டி இருக்கிறது. வெற்றிலைக்குப் போடும் அதே காசுக்கட்டிதான். உலகெங்கும் மீன்வலைக்கும் பாய்க்கும் சாயமாக இருந்த பொருள். பாக்களவு துண்டைப் பொடித்து அரை லிட்டர் நீரில் காய்ச்சி வடிகட்டித் துணியை முக்குங்கள். ஈரத்தில் தெரிவதைவிடக் காய்ந்தபின் நன்றாக வெளிறும். தேவையானால் திரும்ப முக்கலாம்.

3. சாயம் ஏறிக் காய்ந்த பிறகே, ஒரு பங்கு பி.வி.ஏ. பசைக்கு நான்கு பங்கு நீர் சேர்த்துத் தடவி, பிளாஸ்டிக் தாளின்மேல் தட்டையாக உலர்த்துங்கள். வரிசை மாறினால் பசை பட்ட இடத்தில் சாயம் பிடிக்காது. காய்ந்த துணியைப் பிசிறில்லாமல் கத்தியால் வெட்டலாம். ஓரம் மடிக்கத் தேவையில்லை. 1:72இல் மடித்துத் தைத்த ஓரம் கயிற்றைவிடப் பருமனாகத் தெரியும். ஓரம் நெடுக 0.25 மி.மீ. நூலைப் பசைவைத்து ஒட்டிவிட்டால் விளிம்புக் கயிறு ஆகிவிடும்.

4. மேலே பாயைத் தாங்கும் தடித்த பறுவான், கீழே பாயின் அடிக்கட்டை, நடுவில் குச்சிகள். குச்சிகளை ஒட்டாதீர்கள், கட்டுங்கள். ஊசியில் நூல் கோத்து, 15 மி.மீ.க்கு ஒரு கட்டு. துணியைக் குத்தி, குச்சியைச் சுற்றி, அதே துளைக்குப் பக்கத்தில் திரும்பி வந்து முடிச்சு. முடிச்சின்மேல் ஊசிமுனையளவு பசை. பத்துக் குச்சி, ஒவ்வொன்றிலும் பத்துக் கட்டு என்றால் மலைப்பாகத்தான் இருக்கும். ஆனால் விளக்கொளி பக்கவாட்டில் விழும்போது இந்தக் கட்டுகள் தரும் சிறு நிழல் வேறு எதிலும் வராது.

5. பாய் முழுதும் மரத்தின் ஒரே பக்கத்தில் நிற்கும். ஒரு பகுதி மரத்துக்கு முன்னாலும் பெரும்பகுதி பின்னாலும் இருக்கும். ஒவ்வொரு குச்சியிலிருந்தும் ஒரு கயிற்று வளையம் மரத்தைச் சுற்றிவந்து அதே குச்சியில் முடியும். வளையத்தை இறுக்கிவிடாதீர்கள்; பாய் ஏறி இறங்க அது வழுக்க வேண்டும். வளையத்துக்குள் ஒரு பல்குத்தும் குச்சியைச் சேர்த்துக் கட்டிவிட்டு, பிறகு குச்சியை உருவிவிட்டால் எல்லா வளையங்களும் ஒரே அளவில் தளர்ந்திருக்கும்.

6. இப்போது அந்த இரண்டு மடிப்பு. ஜங்க் பாயைச் சுருக்குவது எளிது: ஆஞ்சானைத் தளர்த்தினால் கீழ்ப்பகுதி மடிப்பு மடிப்பாக விசிறிபோல் மடங்கி, இருபுறமும் தொங்கும் தாங்குகயிறுகளுக்குள் வந்து உட்காரும். மரத்தில் யாரும் ஏற வேண்டியதில்லை. இந்தப் பாயின் புத்திசாலித்தனமே அதுதான். முழுதும் விரித்த பாயில் அது தெரியாது. அதனால்தான் பெரிய பாயில் கடைசி இரண்டு கட்டங்களை, அதாவது குச்சிகளுக்கு இடைப்பட்ட துணிப்பகுதிகளை, இறக்கச் சொன்னேன். கீழே மூன்று கட்டைகள் ஒன்றன்மேல் ஒன்றாக நெருங்கி, நடுவில் துணி சற்றுப் பிதுங்கி நிற்கட்டும். பிதுங்கலுக்குத் துணியை லேசாக ஈரப்படுத்தி மடித்து, கிளிப் போட்டுக் காயவிடுங்கள்.

விரிந்த கட்டங்களில் துணி கிட்டத்தட்டத் தட்டையாகவே இருக்கட்டும். காற்றில் உப்பிய வயிறு ஐரோப்பியச் சதுரப் பாய்க்குரியது. குச்சிகள் நெருங்கிய ஜங்க் பாய் அப்படி உப்பாது. கிழிசலுக்கு ஒட்டுப்போட ஆசை வந்தால், ஒரு கட்டத்தில் ஒரே ஒரு ஒட்டு, அரைத்தொனி வேறு நிறத்தில்.

தாமான்

மாதிரியைப் பார்த்தவுடன் செய்தவருக்குக் கப்பல் தெரியுமா என்று கண்டுபிடிக்க நான் பார்க்கும் இடம் இதுதான். ஐரோப்பியப் பாயை மூலைகளில் மட்டும் பிடிக்கிறார்கள். ஜங்க் பாயை ஒவ்வொரு குச்சியின் பின்முனையிலும் பிடிக்கிறார்கள். முனைகளிலிருந்து வரும் கிளைக்கயிறுகள் பல துளையுள்ள நீண்ட மரக்கட்டைகளில் கூடி, அங்கிருந்து ஒரே தாமானாகத் தளத்துக்கு இறங்குகின்றன. மேலே உள்ள பறுவானுக்குப் பொதுவாகக் கிளை கிடையாது. கிட்களில் இந்த முழு அமைப்பையும் ஒரே நூலாகச் சுருக்கிவிடுவார்கள். சுருக்கினால் பாய் காற்றில் ஒட்டிவைத்த அட்டைபோல் ஆகிவிடும்.

துளைக்கட்டைக்கு 12 மி.மீ. நீளம், 2 மி.மீ. அகலத்தில் மூங்கில் கீற்று. நீளவாக்கில் நான்கு துளைகள், 0.5 மி.மீ. டிரில்லில் கையால் சுழற்றி. முனைகளைத் தேய்த்து உருட்டுங்கள். மூங்கில் பிளக்காமலிருக்க, கீற்றை நீளமாக வைத்தே துளைகளைப் போட்டுவிட்டு, பிறகு துண்டு போடுங்கள்.

கட்டும் முறை: மரத்தோடு சேர்ந்த பாயைத் தெர்மாகோல் பலகையில் படுக்கவைத்து ஊசிகளால் நிலைநிறுத்துங்கள். பின்விளிம்பிலிருந்து இரண்டு மூன்று சென்டிமீட்டர் தள்ளி, துளைக்கட்டைகளையும் அவை நிற்கவேண்டிய இடத்தில் ஊசி குத்தி வையுங்கள். மேற்குச்சியின் முனையில் ஒரு கிளையைக் கட்டி, கட்டையின் முதல் துளையில் நுழைத்து, அடுத்த குச்சியின் முனைக்குக் கொண்டுபோய்க் கட்டுங்கள். இப்படியே இறங்கி வாருங்கள். எல்லாக் கிளைகளும் ஒரே அளவு விறைப்பில் இருப்பதுதான் நோக்கம். ஒன்று மட்டும் தளர்ந்தால் அந்தக் குச்சிக்குக் காற்றில் வேலை இல்லை என்று பொருள். ஒன்று மட்டும் இறுகினால் பாயின் விளிம்பு அங்கே உடையும். மடிந்த கட்டங்களின் கிளைகள் மட்டும் தளர்ந்து தொங்க வேண்டும். எல்லாம் சரியானதும் ஒவ்வொரு துளையிலும் நீர்த்த பசை ஒரு துளி. காய்ந்த பிறகே ஊசிகளை எடுங்கள்.

இனி மரங்களை நடலாம். பெரிய மரம் முதலில், பிறகு முன்மரம், கடைசியில் பின்பக்கச் சிறுமரம். முன்மரம் முன்னோக்கிச் சாய்ந்திருக்க வேண்டும். பசை வேண்டாம், அசல் கப்பலில் உள்ளதுபோல் இரு பக்கத் தாங்குபலகைகளுக்கு இடையே சிறு ஆப்பு வைத்து இறுக்குங்கள். பிறகு எப்போதாவது பழுது பார்க்க வேண்டி வந்தால் மரத்தை அப்படியே உருவிவிடலாம். ஆஞ்சானை மரத்தின் தலையிலுள்ள கப்பி வழியாக இறக்கி, தளத்தின் குறுக்கே கிடக்கும் சுழல் உருளையில் நான்கைந்து சுற்றுச் சுற்றுங்கள். மீந்த கயிற்றைத் தளத்தில் வளையமாகக் கிடத்த, தனியே ஓர் ஆணியைச் சுற்றி வளைத்து, நீர்த்த பசை தொட்டுக் காயவைத்துக் கொண்டுவந்து ஒட்டுங்கள்.

சுக்கானும் நங்கூரமும்

ஜங்க்கின் சுக்கான் கீல்களில் பூட்டியது அல்ல. திறந்த பிளவுகளில் உட்கார்ந்து, மேலிருந்து கயிறுகளால் தொங்குகிறது. ஆழ்கடலில் கப்பலின் அடிப்பாகத்துக்கும் கீழே இறக்குவார்கள். ஆழம் குறைந்தால் உருளையால் சுற்றித் தூக்குவார்கள். நம் கப்பல் ஓடுகிறது, எனவே சுக்கான் கீழே. இதை இப்போதே நினைவில் வைக்கக் காரணம், மாதிரி நிற்கும் தாங்கி. கிட்டோடு வரும் தாங்கி குட்டையாக இருந்தால், இறக்கிய சுக்கான் மேசையில் இடிக்கும். அதற்காகவே பலர் சுக்கானைத் தூக்கி ஒட்டிவிடுகிறார்கள். தாங்கியை 15 மி.மீ. உயர்த்திச் செய்துகொள்ளுங்கள். சுக்கானின் கீழ்முனையிலிருந்து இரண்டு கயிறுகள் கப்பலின் அடியாக முன்பக்கம் வரை போய், சுக்கானை உடலோடு இழுத்துப் பிடிக்கும். அந்த நூல்களை மறக்க வேண்டாம். சுக்கானில் சாய்சதுரத் துளைகள் போடுவது குவாங்டோங் வழக்கம்.

நங்கூரம் மரம். கிட்டில் வார்ப்பு உலோகத்தில் ஐரோப்பிய நங்கூரம் தந்திருந்தால் ஒதுக்குங்கள். சீன நங்கூரத்துக்கு இரண்டு நீண்ட மரக்கொம்புகள், கயிற்றால் வரிந்து கட்டியவை. குறுக்குக் கட்டை மேல்முனையில் இல்லாமல் கீழே, கொம்புகளுக்குப் பக்கத்தில் இருக்கும். 5 சென்டிமீட்டர் நீளத்தில் கருத்த மரத்தில் செய்து, முன்புறத்தில் படுக்கவைத்துக் கட்டுங்கள். பெரிதாகத் தெரிகிறதே என்று தயங்காதீர்கள், அது பெரிதுதான்.

தளத்துப் பொருள்கள்

குறைவாகப் போதும். மரத் தண்ணீர்த் தொட்டி, செங்கல் அடுப்பு, மூங்கில் பாய்க் கூரை, உபரி மரக்கட்டை இரண்டு, சிறுபடகு. பின்கட்டுக்குள் மாஸு தெய்வத்துக்கு ஒரு சிறு மாடம், சிவப்பில். கடலோடிகளின் காவல்தெய்வம் மாஸு. ஃபூஜியனின் மெய்சோ தீவு அவள் பிறந்த ஊர் என்பது நம்பிக்கை. வெளியிலிருந்து முழுதும் தெரியாது என்றாலும் மாடம் இல்லாத ஃபூஜியன் கப்பலை என்னால் கற்பனை செய்ய முடியவில்லை.

ஒரே ஒரு மனித உருவம் வையுங்கள், 23 மி.மீ. உயரத்தில். கைப்பிடிச் சுவர் அவர் இடுப்பளவில் வருகிறதா, கதவுக்குள் நுழைவாரா என்று உடனே தெரிந்துவிடும். ரயில் மாதிரிக் கடைகளில் விற்கும் 1:87 உருவங்கள் இந்தக் கப்பலில் சிறுவர்களாகிவிடும்.

கொடிகள்

பாய்மரத் தலையில் நீண்ட நாடாக்கொடி, பின்புறத்தில் முக்கோணக் கொடிகள். மெல்லிய காகிதத்தில் இரு பக்கமும் வண்ணமிட்டு, பென்சிலில் சுற்றி அலை கொடுங்கள். திசைதான் முக்கியம். ஓடும் வண்டியில் கட்டிய கொடி பின்னோக்கிப் பறக்கும். பாய்க்கப்பலில் கொடி காற்றோடு போகும். நம் கப்பலுக்குக் காற்று பின்பக்கவாட்டிலிருந்து வருகிறது, ஆகவே கொடிகள் முன்னோக்கிச் சாய்ந்து எதிர்ப்பக்கமாகப் பறக்க வேண்டும். பாய்களும் அதே பக்கம் திறந்திருக்க வேண்டும்.

பழுமை ஏற்றுதல்

கறுப்பு மைக்குழம்பை எல்லா இடத்திலும் வழியவிடுவது இப்போதைய நாகரிகம். ஆனால் ஜங்க் உரிமையாளர்கள் கப்பலைக் கரையேற்றி, அடியில் வைக்கோல் தீ காட்டிப் புழுவைக் கொன்று, மறுபடி பூச்சு பூசி நன்றாகவே பராமரித்தார்கள். ஆணித்தலைகளுக்குக் கீழே மெல்லிய துருக்கோடு, நங்கூரம் உரசும் இடத்தில் தேய்வு, நீர்மட்டத்தில் ஒரு பச்சைப்பாசிக் கீற்று. அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். கடைசியில் மினுப்பில்லாத வார்னிஷ், உடலுக்கு மட்டும். பாய்மேல் தெளித்தால் துணி பிளாஸ்டிக்காகிவிடும்.

எதைப் பார்த்துச் செய்வது

கீயிங் கப்பலின் மேற்கத்திய அச்சுப்படங்கள் எங்கும் கிடைக்கின்றன. அழகானவை, ஆனால் முன்னும் பின்னும் உயரத்தை மிகைப்படுத்தியவை. அவற்றில் கயிற்றமைப்பை மட்டும் எடுத்துக்கொண்டு வடிவத்தை விட்டுவிடுங்கள். லண்டன் அறிவியல் அருங்காட்சியகத்துக்காக 1930களில் சீனக் கைவினைஞர்களே செய்த ஃபிரெடெரிக் மேஸ் தொகுப்பின் மாதிரிகள் நம்பகமானவை. உடலமைப்புக்கு, 1974இல் ஃபூஜியனின் குவான்சோ வளைகுடாவில் தோண்டியெடுத்த, சோங் அரசமரபுக் காலக் கப்பல் இருக்கிறது. எஞ்சிய பகுதியே 24 மீட்டருக்கு மேல், உள்ளே நீர்புகாத 13 அறைகள். நம் கப்பலைவிட ஐந்து நூற்றாண்டு மூத்தது என்பதை மட்டும் மனதில் வையுங்கள். அந்தக் கப்பலுக்குக் கூடம் கட்டியிருப்பது குவான்சோவின் கையுவான் பௌத்தக் கோயில் வளாகத்தில். அதே கோயிலில் தமிழ் வணிகர்களின் சிவாலயத்திலிருந்து வந்த சிற்பத் தூண்கள் நிற்கின்றன. குவான்சோவில் கிடைத்த தமிழ்க் கல்வெட்டின் காலம் 1281.

பெட்டியும் பெயர்த்தகடும்

கண்ணாடியோ அக்ரிலிக்கோ, பெட்டி கட்டாயம். பாய்க்கட்டுகளுக்கு இடையில் சேரும் தூசியைத் தூரிகையால் எடுக்கப் போனால் தாமான் கிளைகள் அறும். பெட்டியின் அடிப்பலகையில் காற்றுக்குச் சில சிறு துளைகளைப் போட்டு வலைத்துணி ஒட்டுங்கள். முழுதும் அடைத்தால் மழைக்காலத்தில் உள்ளே பூஞ்சை பிடிக்கும். நாப்தலீன் உருண்டை போடாதீர்கள், பிளாஸ்டிக் உருவங்களை அது இளக்கிவிடும். ஜன்னல் வெயில் நேரே படாத இடமாகப் பாருங்கள். காசுக்கட்டிச் சாயம் தாங்கினாலும் அச்சிட்ட பின்முகம் தாங்காது. பெயர்த்தகட்டில் கப்பலின் வகை, மாகாணம், காலம், அளவு ஆகிய நான்கும் இருக்கட்டும். செய்தவர் பெயரையும் ஆண்டையும் தாங்கியின் அடியில் எழுதலாம்.